நர்சம்மா பதில்கள்: ஈரம் எங்கே நிற்கிறது?

டெல்டா கிராமங்களில் 34 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டுச் சுத்தம், உடல்நலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் ஐந்து டிரம். எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. வாரம் ஒருமுறை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்கிறேன். அப்படியும் போன மாதம் என் பையனுக்கு டெங்கு வந்துவிட்டது. "வீட்டைச் சுத்தமா வெச்சுக்க மாட்டியா?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் எங்கே தவறினேன்?
வாசகி, திருவாரூர்

பையன் தேறிவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன் அம்மா.

தண்ணீரைக் கொட்டுகிறீர்கள், சரி. டிரம்மைத் தேய்க்கிறீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த உள்சுவரில்தான் முட்டையை ஒட்டவைக்கும். கறுப்பாக, கசகசாவைவிடச் சின்னதாக இருக்கும். நீங்கள் டிரம்மைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும், முட்டை போகாது. வெயிலில் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரித்துவிடும். நீங்கள் பிடித்த புதுத் தண்ணீரே அதற்கு வாழ்வு கொடுக்கிறது.

நாளைக்கு ஒரு டிரம்மைச் சாய்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடம் கோடு மாதிரித் தெரியும். அந்தக் கோட்டையும் அதற்கு மேலே ஒரு சாண் அளவையும், சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். தேய்த்த தண்ணீரை வெறும் மண்ணில் ஊற்றுங்கள். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு நாள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு அலைந்தோம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே இதையும் முடித்துவிடலாம்.

மூடியையும் பாருங்கள். நீல டிரம் மூடியின் மேல்பக்கம் விளிம்பு உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். ஒரு தூறல் போட்டால் அதில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது தாராளம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, கொல்லையில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல் குழி, மணி பிளான்ட் பாட்டில் இவற்றையும் விடாதீர்கள். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் டி.பி.சி. பெண்கள் டிரம்மில் அபேட் மருந்து ஊற்றினால், "நாத்தம் அடிக்குது" என்று அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் கொட்டிவிடாதீர்கள். எத்தனையோ வீடுகளில் என் கண்ணெதிரே கொட்டியிருக்கிறார்கள், மனசு விட்டுப்போகும். சொன்ன அளவில் ஊற்றினால் அது குடிநீரிலும் ஊற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்ட மருந்து.

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு மனம் நோகாதீர்கள். சாக்கடைக் கொசு வேறு, இது வேறு. இது நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிப்பது. உங்கள் வீட்டில் ஒரு சொட்டு தேங்காவிட்டாலும் பக்கத்து மாடியில் கிடக்கும் பழைய டயரிலிருந்து பறந்து வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "ஜுரம் விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும் அந்த ஓரிரு நாளில் வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது என்று எதைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென், வலிக்குப் போடும் ஊசி எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கழிவறைப் பீங்கானில் மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த அளவில் கலக்க வேண்டும்?
வாசகி, கோயம்புத்தூர்

கலக்கவே கூடாது! இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர நாலு நாள் ஆகியிருக்கிறது. அதற்குள் செய்து பார்த்திருக்கக் கூடாதே என்று பதைப்பாக இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருந்தேன். மறுநாள் மேலதிகாரி வருகிறார் என்று கழிவறையை நானே கழுவப் போனேன். பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே ஆசிட் பாட்டிலைச் சாய்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு மூச்சுதான் இழுத்தேன். நெஞ்சுக்குள் மிளகாயை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. கண் தெரியவில்லை. தாழ்ப்பாளைத் தடவித் திறந்து வராண்டாவில் வந்து விழுந்தேன். ஊசி போட வந்திருந்த ஒரு கிழவி என்னை இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டார். பத்து நாள் இருமல் விடவில்லை. கதவு இறுகியிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில், 1915-ல், எதிரிப் படையைக் கொல்லப் போர்க்களத்தில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஜன்னல் இல்லாத நாலுக்கு நாலு கழிவறையில் இதை நாமே கிளப்பலாமா? யாராவது தெரியாமல் செய்துவிட்டால் உடனே வெளியே ஓடி வர வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றி அணைக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போதைக்குச் சரியான மாதிரி இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

உங்கள் கறை அழுக்கே இல்லை, போர்வெல் தண்ணீரின் உப்பு. உப்பைக் கரைக்க ஆசிட் வகைதான் வேண்டும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை ஒன்றும் செய்யாது. கடையில் விற்கும் கழிவறைத் திரவத்தை ராத்திரி தடவிவிட்டுக் காலையில் தேயுங்கள். புளிப்புச் சத்தான சிட்ரிக் ஆசிட் பொடியும் மளிகைக் கடையில் கிடைக்கும், ஆனால் அதுவும் ஆசிட்தான், பிளீச்சிங்கோடு சேரக்கூடாது. ஒன்றைப் போட்ட நாளில் மற்றதை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் இரண்டில் எதை அள்ளிக் கொட்டினாலும், உள்ளே மலத்தை மக்கவைக்கும் நல்ல நுண்ணுயிரும் செத்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

எந்த ஃபினாயில் நல்ல மணமாக இருக்கும்?
வாசகர், சேலம்

மணம் கிருமியைக் கொல்லாது. எதை வாங்கினாலும் டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து துடையுங்கள். அதைவிட முக்கியம் துடைக்கும் துணி. அழுக்குத் தண்ணீரிலேயே முக்கி முக்கி வீடு முழுக்கத் துடைத்தால், கழிவறை வாசலில் இருந்ததைச் சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம். துடைத்ததும் துணியை அலசிக் கொடியில் போடுங்கள். வாளி ஓரத்தில் சுருட்டிவைத்தால் காலைக்குள் வாடை வந்துவிடும், அந்த வாடைக்குத்தான் மறுபடி ஃபினாயில் தேடுகிறோம்.

மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். சீமந்தம் முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், இங்கேதான் இருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். கை கழுவச் சொன்னால் சம்பந்தி வீட்டார் தப்பாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, புதுக்கோட்டை

நினைத்தால் நினைக்கட்டும் என்று சொல்வது எனக்கு எளிது. சம்பந்தி முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். அதனால் வாயால் சொல்ல வேண்டாம். வாசல் திண்ணையில் ஒரு வாளித் தண்ணீர், சொம்பு, சோப்பு, துவைத்த துண்டு நாலையும் வையுங்கள். யார் வந்தாலும் முதலில் நீங்களே சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு சொம்பை அவர்கள் கையில் கொடுங்கள். வெளியே போய்வந்தால் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தானே, யாரும் மறுக்க மாட்டார்கள். நான் பிரசவம் பார்த்த வீடுகளில் எல்லாம் இதைத்தான் செய்தேன்.

1847-ல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்து பிரசவம் பார்க்கிற மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலில் சாவது அந்த வார்டில் சட்டென்று குறைந்தது. ஆனாலும் அவர் சொன்னதை அந்தக் காலத்துப் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை, தங்கள் கை அழுக்கு என்று சொல்கிறானே என்ற கோபம். பயிற்சிக் காலத்தில் இதை எங்களுக்குச் சொல்லித்தந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. கை கழுவச் சொன்னால் கோபம் வருவது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

தொப்புளில் எண்ணெய், பவுடர், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம். காய்ந்த நிலையில் விட்டால் தானே விழும். சளி, இருமல் உள்ளவர்கள் ஜன்னலோரமாக நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். வாயில் முத்தம் யாருமே கொடுக்கக் கூடாது, பெற்ற பாட்டியானாலும்.

கணவருக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த கிரீம் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. இப்போது எனக்கும் பெரிய மகளுக்கும் வந்துவிட்டது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், சென்னை

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை மகளே. வியர்க்கிற ஊரில், ஒரே அறையில் நாலு பேர் படுக்கிற வீட்டில் யாருக்கும் வரும்.

அந்த கிரீம் டியூபை எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. அரிப்பை உடனே அடக்கும், அதனால் "நல்லா கேக்குது" என்று தோன்றும். ஆனால் தோலின் எதிர்ப்பைக் குறைத்து, பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். தொடர்ந்து போட்டால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ வரி மாதிரி வரி விழும், அது மறையாது. அந்த டியூபை நிறுத்துங்கள். மூன்று பேரும் ஒரே நாளில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும், அரிப்பு நின்று தோல் சுத்தமான பிறகும்கூட, விடாமல் போட வேண்டும். நடுவில் விடுவதால்தான் இது வருஷக்கணக்கில் இழுக்கிறது.

உங்கள் கணவர் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறாரா? இடுப்பைச் சுற்றி என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். குளித்தால் உடம்பு காய்ந்துவிடும், கயிறு காயாது. நாள் முழுக்க வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அதே இடத்தில் ஒட்டிக்கிடக்கும். தடம் பிடித்த மாதிரி அந்தக் கயிறு போகிற வழியிலேயே படர்தாமரை படர்ந்திருந்ததை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆறும்வரை கழற்றி வைக்கட்டும். சாமி கயிறு என்றால் பூஜை மாடத்தில் வைக்கலாம், பிறகு புதுசாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஒரு துண்டு. நாலு பேருக்கும் நாலு நிறம் வாங்கிவிட்டால் சண்டையே இல்லை. உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். ஃப்ளாட்டில் வெயில் இல்லை என்றால் தையல் ஓரங்களில் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள், பூஞ்சை தங்குவது அங்கேதான். பெண்பிள்ளைகளின் உள்ளாடையை மற்ற துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிற பழக்கத்தை உங்கள் மகளோடாவது நிறுத்திவிடுங்கள். ஈரம் போகாத துணியை அந்தப் பிள்ளை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.

சம்ப் தண்ணீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?
வாசகர், மதுரை

1,000 லிட்டருக்கு 4 கிராம். அப்படியே தூவக் கூடாது. சின்ன வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்பில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது, முதலில் சேற்றை எடுத்துத் தொட்டியைக் கழுவ வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் தாக்கவில்லை என்றால் வேறு வாங்குங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். தினமும் உடம்பைத் துடைத்துப் பவுடர் போடுகிறோம், கீழே ரெக்சின் விரித்திருக்கிறோம். மூன்று நாளாக இடுப்புக்குக் கீழே நடு எலும்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நிறம் மாறியிருக்கிறது. வலி எதுவும் அவர் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துவிடலாமா?
வாசகர், மயிலாடுதுறை

தேய்க்காதீர்கள் தம்பி. அந்த இடத்தில் கை அழுத்தமே படக்கூடாது.

அந்த நிறம் மாறிய இடத்தை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டு அழுத்தி எடுங்கள். எடுத்ததும் வெளுத்து, பிறகு பழைய நிறம் வந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் தோல் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா ஓடியோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். பக்கவாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கலாம், அதனால் அவர் வலி சொல்லவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள்.

இன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். சுவரில் ஒரு தாளை ஒட்டி "10 மணி இடது, 12 மணி வலது" என்று எழுதுங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் முறை பிரித்துக்கொள்ளுங்கள், முழு ராத்திரியையும் உங்கள் மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டியதில்லை. முதுகுப் பக்கம் ஒரு தலையணையைச் செருகி லேசாகச் சாய்த்தால் போதும், நடு எலும்பு மெத்தையில் படாமல் இருக்கும். நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது, தோல் உரசிக் கிழியும். விரிப்பை மடித்து அடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

ரெக்சின் மேல் உடம்பு நேராகப் படுவது வேண்டாம். வியர்வை வெளியேற வழியில்லாமல் முதுகு வெந்துபோகும். மேலே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து விரியுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். பழைய புடவையைப் போல் மெத்தென்று ஈரத்தை வாங்குவது கடையில் கிடைக்காது. பவுடரை விட்டுவிடுங்கள், ஈரத்தில் உருண்டு மணல் மாதிரி உறுத்தும். மலம், சிறுநீர் பட்டால் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாசலின் தடவுங்கள். டியூப் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள வளையத்தின் மேல் உட்காரவைக்க யாராவது சொல்வார்கள், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். காற்று மெத்தை கிடைத்தால் நல்லது, ஆனாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. முழுங்க முடிகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் முட்டை, பருப்பு, மீன் என்று சேருங்கள். உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

குதிகாலைப் பார்த்தீர்களா? இதைக் கேட்காமல் என்னால் முடிக்க முடியாது. என் மாமியார் நாலு மாதம் படுக்கையில் இருந்தார். செவிலியர் நான், தினமும் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன், ஒரு கீறல் இல்லை. கால் குளிருமே என்று சாக்ஸ் போட்டுவிட்டிருந்தேன். ஒரு நாள் கழற்றியபோது இடது குதிகால் புளியங்கொட்டை நிறத்தில் கறுத்திருந்தது. அந்தப் புண் ஆறவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன நான் அந்த சாக்ஸை முன்பே கழற்றிப் பார்க்கவில்லையே என்ற துக்கம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். காது மடல், முழங்கை, இடுப்பின் இரண்டு பக்கம், கணுக்கால் எல்லாவற்றையும் குளிப்பாட்டும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். தோல் பிய்ந்தாலோ, நீர் கோத்தாலோ, வாடை வந்தாலோ பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

ஒரு வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடம் இப்போது என்ன நிறம், குதிகால் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.